விடை சரி, வேலை மட்டும் இல்லை! மென்பொருள் நேர்காணல்: வாசகர் கேள்வி–பதில்

பெரிய நிறுவனங்களில் மென்பொருள் பொறியாளர் வேலைக்கு நேர்காணல் போய்வந்தவர்களும் போகவிருப்பவர்களும் நிறையக் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: கோடிங் ரவுண்டில் கேட்டதை முழுசாக எழுதி முடித்தேன். விடை சரி, நேரமும் மிச்சம் இருந்தது. இரண்டே நாளில் ‘வருந்துகிறோம்’ என்று மெயில் வந்துவிட்டது. எங்கே பிசகியிருக்கும்?

பதில்: உங்களிடம் பேசியவர் அன்றைக்கோ மறுநாளோ உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுதுவார். உங்கள் தலைவிதி அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. கூகுளில் அதைப் படித்து முடிவெடுக்கும் தேர்வுக் குழுவினர் உங்களைப் பார்த்ததே இல்லை. அமேசானில் நேர்காணல் செய்த அத்தனை பேரும் கூடிப் பேசுவார்கள். அதில் ‘பார் ரெய்சர்’ என்று வேறு அணியைச் சேர்ந்த ஒருவர் கட்டாயம் இருப்பார். 1999-இல் தொடங்கிய ஏற்பாடு இது. இங்கும் சரி, அங்கும் சரி, ‘விடை வந்தது’ என்பது குறிப்பில் ஒரு வரி. கேள்வியைத் தெளிவுபடுத்திக்கொண்டாரா, வேறு வழிகளை எடைபோட்டாரா, நிரல் பிறர் படிக்கும்படி இருந்ததா, தன் நிரலைத் தானே சோதித்தாரா என்ற மற்ற வரிகளையும் நேர்காணல் செய்தவர் நிரப்ப வேண்டும். நீங்கள் வாய் திறக்காமல் எழுதி முடித்தால் அந்த இடங்கள் காலியாகவே போகும். ‘ஏற்கெனவே பார்த்த கேள்வியாக இருக்கலாம்’ என்றுகூட எழுதிவிடுவார்கள்.

அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: ஓர் எண் வரிசையில், கூட்டினால் குறிப்பிட்ட தொகை வரும் தொடர்ச்சியான பகுதிகள் எத்தனை? இதில் முதலில் வாயிலிருந்து வர வேண்டிய வாக்கியம், “எதிர்ம எண்கள் வருமா?” என்பதுதான். எல்லாம் நேர்ம எண்கள் என்றால் இரண்டு முனைகளை நகர்த்தும் ஸ்லைடிங் விண்டோ போதும். கூடுதல் நினைவகமே வேண்டாம். எதிர்ம எண் ஒன்று வந்தாலும் அந்த முறை உடைந்துவிடும், ஏனென்றால் வலப்பக்கம் நீட்டினால் கூட்டுத்தொகை ஏறும் என்ற உத்தரவாதம் போய்விடுகிறது. அப்போது தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு இடம் வரையிலான கூட்டுத்தொகையை ஹேஷ் மேப்பில் (எந்த மதிப்பு எத்தனை தடவை வந்தது என்று உடனே சொல்லும் அட்டவணை) எண்ணிவைக்க வேண்டும். இவ்வளவையும் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் ‘கட்டுப்பாடு மாறினால் வழி மாறும் என்று தானே சொன்னார்’ என்று அவர் எழுதிக்கொள்ள இடம் கிடைத்துவிடுகிறது.

எழுதி முடித்ததும் “முடிந்தது” என்று சொல்லாதீர்கள். 1, −1, 1 என்ற வரிசையை, தேடும் தொகை 1 என்று வைத்து, வரி வரியாக ஓட்டிக் காட்டுங்கள். விடை 3. ஹேஷ் மேப்பில் ‘பூஜ்யம் ஒரு தடவை வந்திருக்கிறது’ என்று முதலிலேயே போட்டுவைக்க மறந்திருந்தால் விடை 1 என்று வரும். முதல் இடத்திலிருந்தே தொடங்கும் பகுதிகள் கணக்கில் விடுபட்டுப்போவதுதான் காரணம். இதை அவர் சுட்டிக்காட்டி நீங்கள் திருத்துவது ஒரு மாதிரி, நீங்களே கண்டுபிடிப்பது வேறு மாதிரி. குறிப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

45 நிமிட ரவுண்டை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: அறிமுகம் 3 முதல் 5 நிமிடம், கேள்வியைத் தெளிவாக்க 5, வழியையும் அதன் செலவையும் (நேரம், நினைவகம்) சொல்ல 7, எழுத 15 முதல் 18, சோதிக்க 5, மீதி நீங்கள் கேட்கும் கேள்விகளுக்கு. மெட்டாவைப் போல ஒரே ரவுண்டில் இரண்டு கணக்கு கேட்கும் இடத்தில் ஒன்றுக்கு 20 நிமிடம்கூட முழுசாகக் கிடைக்காது. அங்கே வழியைச் சொல்லும் பகுதியை 3, 4 நிமிடமாகச் சுருக்குங்கள். சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எந்த வழி போதுமானது, எது மெதுவானது என்று எழுதுவதற்கு முன்பே எப்படிக் கணிப்பது?

பதில்: உள்ளீட்டின் அதிகபட்ச அளவைக் கேளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. சி பிளஸ் பிளஸ் போன்ற மொழியில் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 10 கோடி எளிய செயல்கள் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக் கணக்கு. பைத்தானுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் கீழே.

அளவு 1 லட்சம் என்றால் ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிடும் வழி 1,000 கோடி செயல்களாகிவிடும், நடக்காது. வரிசைப்படுத்தினால் 1 லட்சத்தை 17-ஆல் பெருக்கி, சுமார் 17 லட்சம். கண் இமைப்பதற்குள் முடியும். அளவு 5,000 என்றால் ஜோடி ஜோடியாகப் பார்ப்பது 2.5 கோடிதான், தாராளமாகச் செய்யலாம். 20 என்று சொன்னால் எல்லா உட்கணங்களையும் பார்க்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்: 2-இன் 20-ஆம் அடுக்கு 10 லட்சத்தைச் சற்றே தாண்டும். 10 என்றால் எல்லா வரிசைமாற்றங்களையும் பார்க்கலாம், அது 36 லட்சம் சொச்சம். அளவைக் கேட்டதும் இந்தப் பெருக்கலை வாய்விட்டே செய்யுங்கள்.

கேள்வி: ஆன்லைன் தேர்வில் மாதிரி டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ். மறைத்துவைத்த கேஸ்களில் பாதிக்கு மேல் ஃபெயில். வழி சரி என்று உறுதியாகத் தெரியும். பிறகு ஏன்?

பதில்: மாதிரிகளில் எண்கள் சின்னவை. மறைத்தவை பெரியவை, விளிம்பில் இருப்பவை. வழி சரியாக இருந்தும் மொழி காலை வாரிவிடும் இடங்கள் இவை.

ஜாவாவிலும் சி பிளஸ் பிளஸ்ஸிலும் 32 பிட் முழு எண் ஏறத்தாழ 214 கோடிக்கு மேல் தாங்காது. 1 லட்சம் உறுப்புகள், ஒவ்வொன்றும் 1 லட்சம் வரை என்றால் கூட்டுத்தொகை 1,000 கோடி. கூட்டும் மாறியை 64 பிட்டாக அறிவித்திருக்க வேண்டும். பைனரி சர்ச்சில் (வரிசையான பட்டியலை ஒவ்வொரு தடவையும் பாதியாக்கித் தேடுவது) இரு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தாலும் இதே ஆபத்து. ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை பல ஆண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்து, 2006-இல்தான் பரவலாகத் தெரியவந்தது. வித்தியாசத்தைப் பாதியாக்கி இடது முனையோடு கூட்டினால் பிரச்சினை தீரும்.

ஜாவாவில் இன்னொரு கண்ணி: இன்டிஜர் பொருள்கள் இரண்டை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடுவது. −128 முதல் 127 வரை அது சரியாக வேலை செய்வதுபோலத் தோன்றும், காரணம் அந்த எல்லைக்குள் ஜாவா ஒரே பொருளைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறது. அதைத் தாண்டினால் சமமான எண்களும் ‘வேறு’ என்று வரும். மாதிரியில் பாஸ், மறைவில் ஃபெயில் என்றால் முதலில் இதைப் பாருங்கள். ஈக்வல்ஸ் போட்டு ஒப்பிடுங்கள்.

பைத்தானில் ரிகர்ஷனின் (ஒரு செயற்கூறு தன்னைத்தானே அழைப்பது) ஆழ எல்லை இயல்பாக 1,000. ஒரே சங்கிலியாக நீண்ட 1 லட்சம் முனைகள் கொண்ட மரத்தில் டெப்த் ஃபர்ஸ்ட் தேடலை (ஒரு கிளையின் அடிவரை போய்த் திரும்புவது) ரிகர்ஷனாக எழுதினால் நின்றுவிடும். ஸ்டாக் (கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு) வைத்து லூப்பாக எழுதுங்கள். லிஸ்ட்டின் தலையிலிருந்து ஒன்றை எடுத்தால் மீதி அத்தனையும் ஓரிடம் நகர வேண்டியிருக்கும் என்பதால், கியூவுக்கு (முதலில் வந்தது முதலில் வெளியேறும் வரிசை) டெக் (இரு முனையிலும் சட்டென எடுக்கக்கூடிய வரிசை) பயன்படுத்துங்கள். −7-ஐ 2-ஆல் முழு வகுத்தல் செய்தால் பைத்தான் −4 தரும், ஜாவாவும் சி பிளஸ் பிளஸ்ஸும் −3 தரும்.

சமர்ப்பிப்பதற்கு முன் நீங்களே தட்டிப் பார்க்க வேண்டியவை: காலி உள்ளீடு, ஒரே உறுப்பு, எல்லாம் ஒரே மதிப்பு, ஏற்கெனவே வரிசையானது, தலைகீழ் வரிசை, எதிர்ம எண்கள், கடைசியாக அதிகபட்ச அளவில் லூப் போட்டு உருவாக்கிய ஒரு பெரிய உள்ளீடு. கடைசியில் சொன்னதைப் பெரும்பாலானோர் செய்வதே இல்லை. நேரம் மீறுகிறதா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வேறு வழியும் இல்லை.

கேள்வி: நடுவில் மாட்டிக்கொண்டால் உதவிக் குறிப்பு கேட்கலாமா? மதிப்பெண் குறையுமா?

பதில்: குறையும், ஆனால் 10 நிமிடம் மௌனமாக இருந்தால் அதைவிட அதிகமாகக் குறையும். “உதவி செய்யுங்கள்” என்று வெறுமனே கேட்காமல், “ஒவ்வொரு தடவையும் மிகச் சிறியதைத் தேடுவதில்தான் நேரம் போகிறது. ஹீப் (மிகச் சிறியதை எப்போதும் மேலே வைத்திருக்கும் அமைப்பு) வைத்தால் எடுப்பது எளிது, ஆனால் நடுவிலிருந்து ஒன்றை நீக்க முடியவில்லை. இந்தத் திசையில் போகலாமா?” என்று கேளுங்கள். இடைஞ்சல் எங்கே என்று தெரிந்துவைத்திருக்கிறீர்கள் என்பது அவருக்குப் புரியும். அவர் தரும் குறிப்பைத் தட்டிக்கழித்துவிட்டுப் பழைய வழியிலேயே போவதுதான் பெரிய தப்பு. “உறுதியாகவா?” என்று அவர் கேட்டால், பெரும்பாலும் அந்த வரியில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி முன்பே தெரிந்ததாக இருந்தால் சொல்லிவிடுங்கள். தெரியாததுபோல் நடிப்பது எளிதில் வெளிப்பட்டுவிடும்.

கேள்வி: சிஸ்டம் டிசைன் ரவுண்டில் நீண்ட இணைய முகவரியைச் சுருக்கித் தரும் சேவையை வடிவமைக்கச் சொன்னார்கள். லோட் பேலன்சர் (கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்புவது), கேஷ் (அடிக்கடி கேட்பதைக் கைக்கருகில் வைப்பது), டேட்டாபேஸ் என்று எல்லாப் பெட்டியும் வரைந்தேன். ‘ஆழம் போதவில்லை’ என்றார்கள். ஆழம் என்றால் என்ன?

பதில்: பெட்டிகளை யார் வேண்டுமானாலும் வரையலாம். ஒவ்வொரு பெட்டியும் ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு ஓர் எண் காரணமாக இருக்க வேண்டும். ஆழம் என்று அவர்கள் சொல்வது அதைத்தான். உங்கள் கேள்வியையே போட்டுப் பார்ப்போம்.

ஒரு நாளைக்கு 10 கோடி புதிய முகவரிகள் என்று அவர் ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். ஆக வினாடிக்குச் சுமார் 1,160 புதிய பதிவுகள். ஒரு முகவரியைப் பத்து தடவை திறப்பார்கள் என்றால் வினாடிக்கு 11,600 வாசிப்புகள். உச்ச நேரத்துக்கு இதை இரட்டிப்பாகவோ மும்மடங்காகவோ வைத்துக்கொள்ள வேண்டும். எழுதுவதைப் போலப் பத்து மடங்கு வாசிப்பு என்பதால்தான் கேஷ் வருகிறது. பதிவு ஒன்றுக்கு 500 பைட் என்றால் நாளைக்கு 50 ஜிகாபைட், 5 ஆண்டுக்கு ஏறத்தாழ 91 டெராபைட். மூன்று பிரதிகள் வைத்தால் 270 டெராபைட்டைத் தாண்டும். ஆகவே ஒரே இயந்திரத்தில் முடியாது, ஷார்டிங் (தரவைப் பல இயந்திரங்களுக்குப் பிரித்துவைப்பது) வேண்டும். இந்த வரிசையில் சொன்னால் பெட்டிகள் தாமாகவே இடத்தில் வந்து உட்காரும்.

அடுத்து, சுருக்கக் குறியீடு எத்தனை எழுத்து? பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இலக்கம் சேர்த்து 62 குறிகள். 6 எழுத்தில் சுமார் 5,680 கோடி குறியீடுகள் கிடைக்கும். ஆனால் 5 ஆண்டில் உங்களுக்குத் தேவை 18,250 கோடி, ஆக 6 போதாது. 7 எழுத்தில் 3.5 லட்சம் கோடி, தாராளம்.

குறியீட்டை எப்படி உருவாக்குவது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். “முகவரியை ஹேஷ் செய்து (கணக்கிட்டுக் கலைந்த ஒரு குறியீடாக்கி) முதல் 7 எழுத்தை எடுப்பேன்” என்பது வழக்கமான பதில். மோதலைப் பற்றி (இரண்டு முகவரிகளுக்கு ஒரே குறியீடு வருவது) கேட்டால், “3.5 லட்சம் கோடியில் மோதல் அபூர்வம்” என்கிறார்கள். அப்படி இல்லை. 22 லட்சம் முகவரிகள் சேர்ந்தாலே எங்கோ ஏதாவது இரண்டு மோதிக்கொள்ளப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வந்துவிடும். வினாடிக்கு 1,160 என்ற வேகத்தில் 22 லட்சம் சேர அரை மணி நேரம் போதும்! ஆகவே மோதினால் என்ன செய்வது என்பதை முதல் நாளுக்கே யோசித்தாக வேண்டும். அல்லது ஒவ்வொரு முகவரிக்கும் ஒன்று ஏறும் ஓர் எண்ணியை வைத்து, அதன் எண்ணை 62-அடிமான எண்ணாக மாற்றலாம். ஒவ்வொரு சர்வருக்கும் 10 லட்சம் எண்கள் கொண்ட ஒரு கட்டை முன்கூட்டியே ஒதுக்கினால் ஒவ்வொரு தடவையும் மைய எண்ணியிடம் போக வேண்டாம். சர்வர் செத்தால் மீதி எண்கள் வீணாகும், இருப்பு ஏராளம் என்பதால் பரவாயில்லை. இதன் குறை, அடுத்த குறியீட்டை யாரும் ஊகித்துவிட முடிவது. இந்தக் குறையை அவர் கேட்கும்முன் நீங்களே சொல்லுங்கள்.

சுருக்கத்திலிருந்து அசல் முகவரிக்குத் திருப்பிவிடும் பதில் 301-ஆ (நிரந்தரம்), 302-ஆ (தற்காலிகம்) என்பதும் ஆழத்தைக் காட்ட நல்ல இடம். 301 நிரந்தரம் என்பதால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும், உங்கள் சர்வருக்குச் சுமை குறையும். ஆனால் அடுத்த சொடுக்குகள் உங்களிடம் வராது, எண்ணவும் முடியாது. சொடுக்குகளை எண்ண வேண்டும் என்றால் 302. எது வேண்டும் என்பது நிறுவனத்தின் தேவையைப் பொறுத்தது, எனவே முதல் 5 நிமிடத்திலேயே “எத்தனை பேர் திறந்தார்கள் என்று காட்ட வேண்டுமா?” எனக் கேட்டிருக்க வேண்டும்.

காஃப்கா (செய்திகளை வரிசையாகக் கடத்துவது), கசாண்ட்ரா (ஒரு டேட்டாபேஸ்) போன்ற பெயர்களைச் சொல்வதென்றால், அது பழுதானால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வி வரும். பதில் தெரியாத பெயரை வாயில் எடுக்காதீர்கள். “ஒரு மெசேஜ் கியூ” என்று பொதுவாகச் சொன்னாலே போதும்.

கேள்வி: ‘மேலாளரோடு கருத்து வேறுபட்ட சந்தர்ப்பம் சொல்லுங்கள்’ என்றார்கள். ‘அப்படி நேர்ந்ததே இல்லை’ என்றேன். அதுதான் உண்மையும்கூட. அந்த ரவுண்டில் குறை வைத்துவிட்டார்களாம்.

பதில்: சண்டையை அவர்கள் கேட்கவில்லை. “இந்த வாரமே வெளியிட வேண்டும்” என்று மேலாளர் சொல்ல, “சோதனை முடியவில்லை, இந்தப் பகுதியை மட்டும் தள்ளிவைப்போம்” என்று நீங்கள் சொல்லியிருந்தால் அதுவே கருத்து வேறுபாடு. இல்லை என்று சொன்னால் அவர் எழுத ஒன்றும் இருக்காது. காலி இடம் உங்களுக்கு எதிராகவே போகும்.

அமேசான் தன் தலைமைப் பண்புகள் 16-ஐயும் வெளிப்படையாகவே போட்டிருக்கிறது. கடைசி இரண்டு 2021-இல் சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை தேட வேண்டாம். நிஜமாக நடந்த 6 முதல் 8 சம்பவங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றும் எந்த இரண்டு மூன்று பண்புக்குப் பொருந்தும் என்று குறித்துவையுங்கள். அதில் தோல்வி ஒன்று, காலக்கெடு தவறியது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற ஸ்டார் வரிசையில் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் சொல்லுங்கள். சூழலுக்கு அரை நிமிடம் போதும். பலர் அதிலேயே இரண்டு நிமிடத்தைக் கரைத்துவிடுகிறார்கள்.

“நாங்கள் தளத்தை வேகமாக்கினோம்” என்பதில் உங்கள் பங்கு தெரியவில்லை. “தேடல் பக்கம் திறக்க 1.8 வினாடி ஆனது. பதிவுகளைப் பார்த்தேன், ஒரே பக்கத்துக்கு டேட்டாபேஸுக்கு 41 வினவல்கள் போயின. அவற்றை 3-ஆக்கினேன். 0.4 வினாடிக்கு வந்தது” என்பதில் தெரிகிறது. பிறகு துருவுவார்கள்: எப்படி அளந்தீர்கள், வேறு வழி ஏன் வேண்டாம் என்றீர்கள், யார் எதிர்த்தார்கள்? கடன் வாங்கிய கதைகள் பெரும்பாலும் மூன்றாவது கேள்வியில் நின்றுவிடும்.

கேள்வி: ஐந்து, ஆறு ரவுண்டு என்று ஏன் இழுத்தடிக்கிறார்கள்? எல்லாம் முடிந்த பிறகு ‘இன்னொரு ரவுண்டு’ என்கிறார்களே?

பதில்: ரெக்ரூட்டர் (நிறுவனத்துக்கு ஆள் சேர்ப்பவர்) அழைப்பு, ஆன்லைன் தேர்வு அல்லது தொலைபேசி ரவுண்டு, பிறகு 4 அல்லது 5 முழு ரவுண்டுகள் என்பது பொதுவான பாதை. கூகுள் தன் பழைய நேர்காணல்களை ஆராய்ந்து, 4 பேர் பார்த்தாலே 86% நம்பிக்கையோடு முடிவெடுக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொருவரும் சேர்ப்பது மிகக் குறைவு என்று வெளியிட்டிருக்கிறது. கூடுதல் ரவுண்டு கேட்டால் பெரும்பாலும் குறிப்புகள் இரண்டுபட்டிருக்கின்றன, அல்லது ஒரு பகுதிக்குச் சான்று போதவில்லை என்று பொருள். எந்தப் பகுதி என்று ரெக்ரூட்டரிடம் நேராகக் கேளுங்கள். கோடிங்கா, டிசைனா என்ற அளவுக்காவது பெரும்பாலும் சொல்வார்கள்.

கேள்வி: பேசிக்கொண்டே திரையில் விடை காட்டும் ஏஐ கருவிகள் வந்துவிட்டன. எல்லாரும் பயன்படுத்துகிறார்களாமே?

பதில்: வேண்டவே வேண்டாம். விடை சரியாக வந்தாலும், “இந்த வரியை எடுத்துவிட்டால் எந்த உள்ளீட்டில் உடையும்?” என்று கேட்டதும் வாய் அடைத்துப்போகும். ஏமாற்றியது தெரிந்தால் அந்த நிறுவனத்தின் கதவு நீண்ட காலத்துக்கு மூடிக்கொள்ளும். இதனாலேயே சில நிறுவனங்கள் நேரில் வரச் சொல்லும் ரவுண்டுகளை மீண்டும் கொண்டுவந்திருக்கின்றன. வேறு சில இடங்களில் குறிப்பிட்ட ரவுண்டில் ஏஐ கருவிக்கு வெளிப்படையாகவே அனுமதி உண்டு. எது என்று முன்கூட்டியே மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிராகரித்தார்கள், காரணம் சொல்லவில்லை. மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம்? அதற்குள் எத்தனை கணக்கு போட்டுப் பழக வேண்டும்?

பதில்: காரணத்தை எழுதித் தந்தால் வழக்கு வரலாம் என்ற அச்சம் நிறுவனங்களுக்கு. எனவே மெயிலில் கேட்காமல், 5 நிமிடம் பேச முடியுமா என்று ரெக்ரூட்டரிடம் கேளுங்கள். “ஏன் எடுக்கவில்லை?” என்று கேட்டால் நழுவுவார்கள், “அடுத்த தடவைக்கு எதில் கவனம் செலுத்தட்டும்?” என்று கேட்டால் பலர் சொல்வார்கள். காத்திருக்கும் காலம் பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 1 ஆண்டு வரை. சில இடங்களில் எந்தக் கட்டத்தில் வெளியேறினீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். அதையும் அந்த அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

பழகும் எண்ணிக்கையைப் பற்றி: 500 கணக்கை ஒரு தடவை போடுவதைவிட 150 கணக்கை வகைவாரியாகப் பிரித்து, விடை பார்த்துப் போட்டவற்றை 3 நாள் கழித்தும் 2 வாரம் கழித்தும் காலித் தாளில் மறுபடி போடுவது பலன் தரும். வகைகள்: ஹேஷ் மேப், இரு முனை, பைனரி சர்ச், மரம், கிராஃப், ஹீப், டைனமிக் புரோகிராமிங் (சிறு பகுதிகளின் விடையைச் சேமித்து மறுபடி பயன்படுத்துவது). வாரத்தில் இரண்டு நாளாவது எதிரே ஒருவரை உட்காரவைத்து, 45 நிமிடக் கடிகாரம் வைத்து, தானியங்கி நிரப்பல் இல்லாத வெற்று எடிட்டரில், வாய்விட்டுப் பேசிக்கொண்டே எழுதுங்கள். முடிந்ததும் அவரை அரைப் பக்கம் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். அதை அந்த அறையில் இல்லாத மூன்றாவது ஆளிடம் கொடுத்து, ‘இவரை எடுக்கலாமா?’ என்று கேளுங்கள். எந்த வரியைப் படித்துவிட்டுத் தயங்குகிறாரோ, அடுத்த வாரத்துக்கான பயிற்சியை அதிலிருந்து தொடங்குங்கள்.